ஒரு தெருவில் இரண்டு பெருநாள்

கப்பலில் யார் யார் வாந்தி எடுத்தார்கள், நாகப்பட்டினத்தில் சுங்கக்காரர் என் பெட்டியை எப்படிக் கலைத்துப் போட்டார் என்பதையெல்லாம் எழுதி உங்கள் பொறுமையைச் சோதிக்கப் போவதில்லை. பினாங்கில் சில்லறைக் கடை வைத்திருக்கும் நான் பல வருஷம் கழித்து ஊருக்கு வந்தது ஒரு கல்யாணத்துக்காக. என் ராத்தா மகள் ஜெய்னம்புக்கும் என் காக்கா மகன் ஜமாலுக்கும் நிக்காஹ். ராத்தா என்றால் அக்கா, காக்கா என்றால் அண்ணன். எங்கள் கடற்கரைப் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். பெண்ணுக்கு நான் தாய்மாமன், மாப்பிள்ளைக்குச் சின்ன வாப்பா, அதாவது சித்தப்பா. இரண்டு வீட்டிலும் மரியாதை கிடைக்கும், இரண்டு வீட்டிலும் சோறு கிடைக்கும் என்று சந்தோஷமாகக் கிளம்பினேன்.

அறந்தாங்கியில் இறங்கியபோது பசி காதை அடைத்தது. நோன்பு மாதம் முடியப் போகிற சமயம். பயணத்தில் இருப்பவன் நோன்பை விட்டுவிட்டுப் பிறகு நோற்றுக்கொள்ள அனுமதி உண்டு. இருந்தாலும் தொப்பியோடு ஓட்டலுக்குள் நுழையக் கூச்சமாக இருந்தது. நல்ல வேளையாக பாய் கடை ஒன்றில் வாசலை மறைத்துக் கித்தான் திரை கட்டியிருந்தார்கள். திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனால் எனக்கு முன்பே பத்துப் பதினைந்து தொப்பிகள் உட்கார்ந்திருந்தன. எல்லோருமே பயணிகளாக இருக்க முடியாது. ஒருவரை ஒருவர் பார்க்காத மாதிரியே புரோட்டாவைத் தின்று முடித்தோம்.

மீமிசல் பஸ்ஸின் கூரை முழுக்கப் பொங்கல் கரும்பு. ஆவுடையார்கோவில் தாண்டியதும் பஸ் இருமி இருமி நின்றுவிட்டது. தேர்தலுக்கு ஒரு மாதம் இருந்த நேரம். அதுவரை இரண்டு பெரியவர்கள் கட்சிச் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள், இறங்கித் தள்ளச் சொன்னபோதும் நிறுத்தவில்லை. கண்டக்டர் சலித்துப்போய், "ஆளுங்கட்சி ஆளுகள்லாம் அங்கிட்டு நின்னு தள்ளுங்க. எதிர்க்கட்சி ஆளுக இங்கிட்டு நின்னு தள்ளுங்க. வண்டி நேராப் போயிரும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு நிஜமாகவே அப்படிப் பிரிந்து நின்றுதான் தள்ளினார்கள். நான் பெட்டியைப் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒதுங்கிவிட்டேன். பினாங்கிலும் தேர்தல் பார்த்திருக்கிறேன். அங்கே பஸ் தள்ளுகிறவனிடம் யாரும் கட்சி கேட்டதில்லை.

எங்கள் ஊர் மீமிசலிலிருந்து கொஞ்ச தூரம். பள்ளிவாசல் தெருவில் காக்கா வீடும் ராத்தா வீடும் எதிரெதிரே. சுல்தான் காக்கா பஞ்சாயத்து பிரசிடெண்ட், ஆளுங்கட்சிக்காரர். ராத்தாவின் கணவர் காதர் மச்சான் டீக்கடைக்காரர், எதிர்க்கட்சிக்காரர். சின்ன வயதில் ஒரே தோணியில் கடலுக்குப் போய் ஒரே சட்டியில் மீன் குழம்பு தின்றவர்கள். பிள்ளைகள் தவழ்கிற காலத்திலேயே சம்பந்தம் பேசி வைத்தவர்கள். நான் தெரு நடுவில் பெட்டியோடு நின்றதும் இரண்டு கதவும் திறந்தன. "தம்பி, இங்கிட்டு வா" என்றார் காக்கா. "மாப்ளே, மொதல்ல ராத்தாவப் பாக்க வாங்க" என்றார் மச்சான். இருவரும் என்னைப் பார்த்தார்களே தவிர ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

அன்று நோன்பு திறக்கிற நேரத்தில், கஞ்சியை ஊற்றிக்கொண்டே ராத்தா விஷயத்தைச் சொன்னாள். காரணம் ரேடியோ.

பஞ்சாயத்து ஆபீஸில் சர்க்கார் கொடுத்த ரேடியோ ஒன்று இருந்தது. மரப்பெட்டிக்குள் பூட்டி, கூரைமேல் ஒலிபெருக்கிக் குழாய் கட்டியிருந்தார்கள். அதில் முள்ளைத் திருப்ப முடியாது. ஒரே ஸ்டேஷனில் நிற்கும்படி செய்து அனுப்பியிருந்தார்கள். சாயங்காலமானால் விவசாயிகளுக்கு உரம் போடுவது பற்றிச் சொல்லும், அப்புறம் செய்தி சொல்லும். இன்ன கட்சிக்கு ஓட்டுப் போடுங்கள் என்று அது ஒருநாளும் சொன்னதில்லை, அது விதிக்கு விரோதம். மந்திரி பாலம் திறந்தார், மந்திரி அணை திறந்தார், மந்திரி கண்காட்சி திறந்தார் என்று மட்டும் சொல்லும். எதிர்க்கட்சிக்காரர்களிடம் திறப்பதற்கு ஒன்றும் இல்லாததால் அவர்கள் பெயர் அதில் வராது.

காதர் மச்சான் ரோஷக்காரர். டீக்கடைக்குச் சொந்தமாக ஒரு ரேடியோ வாங்கி வைத்தார். எங்கள் கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை. அங்கிருந்து வருகிற பாட்டும் செய்தியும் பஞ்சாயத்து ரேடியோவைவிடக் கணீரென்று கேட்டன. எதிர்க்கட்சிக்காரர்கள் முழுக்க டீக்கடைக்கு வந்துவிட்டார்கள். ஆளுங்கட்சிக்காரர்கள் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலை விட்டு நகரவில்லை. அங்கே உட்கார்ந்தவன் இங்கே டீ குடிக்க வருவதும் நின்றுபோனது.

அப்புறம் ஒருநாள் லைசென்ஸ் பார்க்கிற இன்ஸ்பெக்டர் வந்தார். வீட்டில் கேட்கிற ரேடியோவுக்கு ஒரு லைசென்ஸ், கடையில் நாலு பேர் கேட்க வைத்தால் வேறு லைசென்ஸ். மச்சானிடம் இருந்தது வீட்டு லைசென்ஸ். ரேடியோவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அபராதம் கட்டி மீட்க மச்சான் நடையாய் நடந்தார். யாரோ மனுப் போட்டார்கள் என்று பேச்சு. யார் என்று இன்றுவரை தெரியாது. மச்சானுக்கு மட்டும் சந்தேகமே இல்லை.

"அல்லா மேல ஆணையா நான் இல்ல தம்பி" என்று காக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நான் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். ஆனால் ஊரில் பாதிப் பேர் அதை நம்புவதற்கு வழியே இல்லாமல் போயிருந்தது.

மச்சான் மீட்ட ரேடியோவைத் தன் வீட்டு ஜன்னலில் தெருவைப் பார்த்து வைத்தார். "வீட்டு ரேடியோ வீட்லதான இருக்கு? எந்த இன்ஸ்பெக்டர் வாரான், பாப்போம்." காக்கா பஞ்சாயத்துக் குழாயைத் தெருப் பக்கம் திருப்பினார். இது போதாதென்று எதிர்க்கட்சிக்காரர்கள் முச்சந்தியில் மைக் கட்டினார்கள். ரேடியோவில் அவர்களுக்கு வாய் இல்லை, அதனால் தெருவில் கத்தினார்கள். அந்தக் கத்தல் காதில் விழாதபடி இவர்கள் ரேடியோவைக் கூட்டி வைத்தார்கள். பினாங்கிலும் ரேடியோ சர்க்காருடையதுதான், யோக்கியம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் கடைவரிசையில் சீனனும் மலாய்க்காரனும் நானும் ஒரே பெட்டியில் அவரவர் பாஷைக்காகக் காத்திருப்போம். இங்கே எல்லோருக்கும் ஒரே பாஷை, ஆனாலும் ஒருவன் சொல்வது இன்னொருவனுக்குக் கேட்கவில்லை. நான் இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டேன்.

ஜன்னலில் ரேடியோ இருந்ததில் ஒரே ஒருத்திக்கு மட்டும் லாபம். ஜெய்னம்பு அதைத் திருப்புகிற சாக்கில் ஜன்னலில் நிற்பாள். அந்த நேரத்துக்குச் சரியாக எதிர் வீட்டு வாசலில் ஜமாலுக்குச் செருப்பு காணாமல் போகும், தேடிக்கொண்டே இருப்பான். "பினாங்குலயும் இப்படித்தான் செருப்பு தேடுவாகளா மாமா?" என்று என்னிடம் கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும், கப்பலில் பட்ட கஷ்டமெல்லாம் போகட்டும், இந்தக் கல்யாணம் நடந்தால் போதும் என்று இருந்தது.

கல்யாண விஷயத்தில் இரண்டு பேரும் வாக்கு மாறவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல். "பெருநாளுக்கு மறுநாள் அஸர் தொழுத பின்னாடி நிக்காஹ்" என்று காக்காவும் சொன்னார், மச்சானும் சொன்னார். அஸர் என்பது பின்மதியத் தொழுகை. தேதி யாரும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் நோன்பு மாதத்தில் தேதி சொல்லிப் பழக்கமில்லை. இருபத்தொன்பதாம் நோன்பு மாலையில் பிறை தெரிந்தால் விடிந்ததும் பெருநாள், தெரியாவிட்டால் இன்னும் ஒரு நோன்பு. பெருநாள் எந்த நாளோ, அதற்கு மறுநாள் நிக்காஹ். காலம் காலமாக அப்படித்தான் நாள் குறித்து வந்திருக்கிறார்கள். ஊருக்கு ஒரே பெருநாளாக இருக்கும்வரை அதில் ஒரு குழப்பமும் வந்ததில்லை.

புதன்கிழமை மாலை பிறை பார்க்க ஊரே கடற்கரைக்குப் போனது. மேற்கே பனைகளுக்கு மேல் மேகம் சாம்பலைக் கொட்டினாற்போல் மூடிக் கிடந்தது. இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே திசையைப் பார்த்து நின்றதை அன்றுதான் பார்த்தேன். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. திரும்பி வந்தோம்.

கொஞ்ச நேரத்தில் மச்சான் வீட்டு ரேடியோ இலங்கையில் பிறை பார்த்தாகிவிட்டது, நாளை பெருநாள் என்றது. பஞ்சாயத்து ரேடியோ பிறை தென்பட்டதாகத் தகவல் இல்லை, பெருநாள் வெள்ளிக்கிழமை என்றது. இரண்டுமே பொய் சொல்லவில்லை. கூட்டம் பள்ளிவாசல் முன்னால் கூடியது.

"வானம் மூடியிருந்தா முப்பதையும் நோற்கணும்" என்றார் பள்ளிவாசலில் தொழ வைக்கும் ஆலிம்சா. "வெளியூர்ல பாத்தாகன்னா, பாத்தவக வந்து சொல்லணும். சாட்சி சொல்றவன் மொகம் தெரியணும் காதரு. பெட்டிக்கு மொகம் ஏது?"

"கடலுக்கு அங்கிட்டு, கூப்பிடு தூரத்துல பாத்த பிறை நமக்கில்லையா?" என்று மச்சான் கத்தினார். "மந்திரி தெறந்து வச்சாத்தான் பிறையா?"

காக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அடுத்த நாட்டு ரேடியோவக் கேட்டுப் பெருநாள் கொண்டாடுறவன், ஓட்டையும் அங்கிட்டே போயிப் போடட்டும்."

அதற்குப் பிறகு யாரும் பிறையைப் பற்றிப் பேசவில்லை. பேசியதெல்லாம் இன்ஸ்பெக்டர், மனு, ரேடியோ, ஓட்டு.

வியாழக்கிழமை காலை எதிர்க்கட்சிக்காரர்கள் கடற்கரை மணலில் பாய் விரித்துப் பெருநாள் தொழுதார்கள். ராத்தா வீட்டில் ஆட்டுக்கறி, நெய்ச்சோறு, வட்டலப்பம். பயணி என்ற சலுகையில் நான் தின்றேன். எதிரே காக்கா வீட்டில் அடுப்பு மூட்டவில்லை, முப்பதாம் நோன்பு. வாயை நன்றாகக் கழுவிக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தேன். காக்கா மோப்பம் பிடித்துவிட்டார். "நெய்யி நல்ல நெய்யா தம்பி?" என்று கேட்டார். நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை.

மாலையில் எதிர் வீட்டில் பந்தல் போடுவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மச்சானுக்கு வியாழக்கிழமை பெருநாள் என்றால் வெள்ளிக்கிழமை மறுநாள். காக்காவுக்கு வெள்ளிக்கிழமைதான் பெருநாளே, சனிக்கிழமை மறுநாள். இரண்டு வீட்டிலும் பெருநாளுக்கு மறுநாள் நிக்காஹ், ஆனால் ஒரே நாளில் இல்லை.

வெள்ளிக்கிழமை முழுக்க அந்தத் தெருவைக் குறுக்கே கடந்துகொண்டே இருந்தேன்.

"மச்சான், ஒரே ஒரு நா பொறுங்க."

"நாளைக்கி நடத்துனா, அவுக பிறைதான் பிறைன்னு நானே ஒத்துக்கிட்டதா ஆயிரும். என்னிய நம்பி மணல்ல வந்து தொழுதாக, அவுகளுக்கு என்ன பதில் சொல்லுவேன்? கோட்டைப்பட்டினத்துல இருந்து எங்க சனம் வந்து உக்காந்திருக்கு. சோறு வெந்துருச்சு மாப்ளே."

"காக்கா, ஒரு நா முன்னாடி வந்தா என்ன கெட்டுப்போச்சு?"

"இன்னைக்கி அந்தப் பந்தல்ல ஏறுனா, நேத்து நான் வச்ச நோன்பு தப்புன்னு ஆவும். அஸர் முடியிறதுக்குள்ள மைக்ல சொல்லிப்புடுவாக. வாக்கு பெருநாளுக்கு மறுநாள். நாளைக்கி மாப்பிள்ளையோட வருவேன். சுல்தான் வாக்குத் தவறுனான்னு பேரு எடுக்க மாட்டேன்."

ஜமால் சட்டை போட்டுக்கொண்டு வாசல் வரை வந்தான். படியில் காக்காவின் கட்சிக்காரர்கள் பெருநாள் வாழ்த்துச் சொல்ல வந்து நின்றிருந்தார்கள். "போறதுன்னாப் போ. நான் தடுக்கல" என்றார் காக்கா. அதைச் சொன்ன குரலே தடுத்தது. ஜமால் படியிறங்கவில்லை, உள்ளே போய் உட்கார்ந்துவிட்டான். அவன் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. பத்தடித் தெரு.

எங்கள் பக்கம் விருந்தில் இலை போடுவதில்லை. சஹன் என்கிற பெரிய தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவோம். மச்சான் பந்தலின் தலைமாட்டில் ஒரு சஹனைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார். காக்கா, ஜமால், நான், அவர் என்று நாலு பேருக்கு. அஸர் முடிந்து வெயில் சாய்கிறவரை யாரையும் அதில் உட்கார விடவில்லை. எதிர் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வீம்பு பிடித்த மனுஷன்தான், ஆனால் அன்று அவர் காத்திருந்தது பொய்யில்லை.

கடைசியில் கோட்டைப்பட்டினத்துப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். மணக்கோலத்தில் உட்கார்ந்த பெண்ணை அப்படியே எழுப்பினால் ஊர் என்ன பேசும் என்றார்கள். மச்சானின் அக்காள் மகன் ஒருவன் விருந்து சாப்பிட வந்திருந்தான். ஜவுளிக்கடை வைத்திருப்பவன், நல்ல பையன்தான். கை கழுவப் போனவனைக் கூப்பிட்டு மாலையைப் போட்டார்கள். அவன் என்னைவிட மிரண்டுபோய் இருந்தான்.

பெண்ணிடம் சம்மதம் கேட்க அவள் வாப்பாவோடு இரண்டு சாட்சிகள் உள்ளே போக வேண்டும். நான் வரமாட்டேன் என்றேன். "நீயாச்சும் அவகிட்ட நில்லு தம்பி" என்று ராத்தா அழுதாள். போனேன். திரைக்குப் பின்னால் ஜெய்னம்பு உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். அவள் பேசவில்லை. பெண் வெட்கத்தில் வாய் திறக்க மாட்டாள், பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது எங்கள் வழக்கம். நான் பொறுக்க மாட்டாமல், "பேசு புள்ள. வேணாம்னா வேணாம்னு சொல்லு. நான் இருக்கேன்" என்றேன்.

"வேணாம்னு சொன்னா வாப்பா நாளைக்கி வரைக்கும் பொறுப்பாகளா மாமா?"

நான் மச்சானைப் பார்த்தேன். அவர் கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "வெளிய சனம் உக்காந்திருக்கும்மா" என்றார்.

அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. "சம்மதம்" என்றார் இன்னொரு சாட்சி. நான் சொல்லவில்லை, ஆனால் அதைக் கேட்க யாரும் காத்திருக்கவும் இல்லை. அன்று அந்தச் சோற்றை என்னால் விழுங்க முடியவில்லை. மூடிய சஹனை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள்.

எதிர் வீட்டில் நடந்தது காக்காவுக்குத் தெரியாமல் இருக்குமா? நிக்காஹ் ஓதியதே அவர் வாசலில் கேட்டிருக்கும். ஆகவே சனிக்கிழமை அஸர் முடிந்ததும் அவர் வீட்டுக் கதவு திறந்தபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. தாம்பாளங்களில் பழமும் பட்டும் ஏந்திக்கொண்டு முதலில் சொந்தக்காரர்கள் வந்தார்கள். பின்னால் காக்கா. அவர் பக்கத்தில் முகம் மறைகிற அளவுக்குப் பூச்சரம் தொங்கும் மாலையோடு ஜமால்.

"காக்கா, என்ன இது?" என்று ஓடினேன்.

"பெருநாளுக்கு மறுநாள்னு வாக்குக் குடுத்தேன். வந்துட்டேன். வாக்குத் தவறுனது யாருன்னு ஊர் பாக்கட்டும்."

அந்த ஊர்வலம் பத்தடி நடந்து, பிரித்துப் போட்ட பந்தல் மூங்கில்களுக்கு முன்னால் நின்றது. மேற்கு வெயில் நேராக முகத்தில் அடித்தது. தெருவின் இரண்டு முனையிலும் இரண்டு கட்சிக்காரர்களும் வேடிக்கை பார்த்தார்கள். மச்சான் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்தார். காக்கா நிமிர்ந்து நின்றார். அவர் சொன்ன இடத்தில் ஜமாலும் நின்றான். பூவுக்குள் அவன் முகம் தெரியவில்லை. எனக்கு அவமானமாகவும் ஆத்திரமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது. யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது, யாரை என்றுதான் தெரியவில்லை. கொல்லைப்புறமாக ராத்தா வீட்டுக்குள் போனேன்.

ஜெய்னம்பு ஜன்னல் ஓரச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். புது மாப்பிள்ளை கூடத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். அவள் அழுது நான் பார்க்கவில்லை.

"மாமா" என்றாள். "போயி அவுகள மாலையக் கழட்டச் சொல்லுங்க. வெயில்ல நிக்கிறாக."

வெளியே வந்தேன். காக்காவைக் கேட்கவில்லை. ஜமாலுக்கு முன்னால் போய் நின்று, பூச்சரத்தை விலக்கி, மாலையை நானே தலைக்கு மேலே தூக்கிக் கழற்றினேன். அவன் தடுக்கவில்லை.

"யாரு கழட்டச் சொன்னா?" என்று கேட்டான்.

சொன்னேன்.

அதுவரை விறைப்பாக நின்றவன் அப்படியே தெருமண்ணில் உட்கார்ந்துவிட்டான். காக்கா குனிந்து அவன் தோளைத் தொட்டார். அவன் அந்தக் கையை எடுத்து அப்பால் வைத்தான்.